ஆவுடையம்மாளுக்கு பஃப் கேட்காமல் போன கதை

வாய்க்கு வந்தபடி ஒருத்தர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிய வேண்டுமானால் இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. கடைசியில் நான் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் ரெஜினா மருந்துக் கடை வைத்திருந்தாள். பார்மசி படித்தவள். சர்டிபிகேட்டை எவனுக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்காருகிற ரகமில்லை. பதினோரு வருஷமாகத் தானே கவுண்டரில் நின்று, சீட்டைப் படித்து, தன் கையால் மருந்தை எடுத்துக் கொடுப்பவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஒரு திங்கட்கிழமை காலை, கடை நிறைய ஆள் நிற்கும்போது, இசக்கிராஜ் வந்து, மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கிற ஒரு நீல பஃப்பைக் கவுண்டர் கண்ணாடி மேல் விட்டெறிந்தான். அவன் அம்மா ஆவுடையம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள்; வெகு நாளாக வீசிங். ஆறு வருஷமாக ரெஜினா கடை பஃப்தான். இரண்டு தடவை இழுத்தால் ஐந்து நிமிஷத்தில் மூச்சு சீராகிவிடும். மூன்று வாரமாக எத்தனை இழுத்தும் அடங்கவில்லை. நெஞ்சு டாக்டர் அதே ரகத்தில் இன்னொரு பஃப் எழுதிக் கொடுத்தார்; அதையும் இங்கேதான் வாங்கினான், அதுவும் கேட்கவில்லை. அன்று விடியும்போது அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான்.

“போலி மருந்தை வித்து எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் மனுஷியா?” என்றான். ஆறு வருஷமாக அக்கா, அக்கா என்று கூப்பிட்ட வாய் அது.

கூட்டத்தில் ஒருவர் நீட்டிய சீட்டைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அதுதான் ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருஷ நம்பிக்கை, ஒரே ஒரு சொல்லில் போயிற்று! ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவன் பின்னாலேயே அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஆவுடையம்மாளுக்கு மூக்கில் மாஸ்க் வைத்து, நீல பஃப்பில் இருக்கிற அதே மருந்தைப் புகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் சொந்த மருந்து. அதற்கும் மூச்சு இறங்கவில்லை. அப்படியானால் தன் பஃப் மேல் குற்றமில்லை என்று ரெஜினாவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு எதன் மேல்? அந்த நேரம் பார்த்து இசக்கிராஜ், வேளை தவறக் கூடாதே என்று, அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விடக் குனிந்தான். ரெஜினா அந்தப் புட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். டைமோலால். கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன் கண் டாக்டர் எழுதியது.

அவள் டூட்டி டாக்டரிடம் மளமளவென்று சொன்னாள். மூச்சுக் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது. அந்தத் தசையின் ஒவ்வொரு செல் மேலும் மருந்து வந்து உட்காருகிற இடங்கள் உண்டு, ஏற்பி என்பார்கள். பஃப் மருந்து அதில் உட்கார்ந்தால் ஏற்பி செல்லுக்குள்ளே தகவல் அனுப்பும். அது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போய், கடைசியில் தசை தளரும், குழாய் விரியும். இந்தச் சொட்டு மருந்தோ கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து, நெஞ்சுக்கும் போய் அதே ஏற்பியில் உட்காரும். உட்கார்ந்து உள்ளே ஒரு தகவலும் அனுப்பாது. பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுவதுபோல, வருகிற பஃப்புக்கும் இடம் விடாது.

டாக்டர் உடனே சொட்டு மருந்தை நிறுத்தினார். வேறொரு ஏற்பி வழியாகக் குழாயை விரிக்கிற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் ஆவுடையம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

இசக்கிராஜின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. கண் டாக்டரிடம் போய் நின்றான். சுகர், பிரஷர் இருக்கிறதா என்று விசாரித்ததாகவும், வீசிங் இருப்பதை இவர்களல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். நெஞ்சு டாக்டரோ, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள் என்றார். அதுவும் நிஜம்தான். வாயில் போட்டு விழுங்கினால்தானே நம் ஆட்களுக்கு அது மருந்துக் கணக்கு! கண்ணுக்கு விட்டது நெஞ்சை அடைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று ஆவுடையம்மாள் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் இசக்கிராஜ் கடைக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் ரெஜினாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் இன்னொரு விஷயம். மூன்று வாரத்துக்கு முன், கூட்ட நேரத்தில், அந்தச் சொட்டு மருந்தையும் நீல பஃப்பையும் ஒரே பையில் போட்டு அவனிடம் கொடுத்தது இதே ரெஜினாதான்.

இப்போது சொல்லுங்கள். கண் டாக்டர், நெஞ்சு டாக்டர், ஆவுடையம்மாள், ரெஜினா. இந்த நாலு பேரில் பெரிய தப்பு யாருடையது?

விடை: ரெஜினாவுடையது. டாக்டர்கள் சரியாக விசாரிக்காதது தப்பு. நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. ஆனால் ஆளுக்குப் பாதிதான் அவர்களுக்குத் தெரியும், மீதியை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவுடையம்மாளுக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை. ரெஜினா யாரையும் விசாரிக்க வேண்டியதே இல்லை. அவளுக்கு வீசிங்கும் தெரியும், சொட்டு மருந்தின் குணமும் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரே மூச்சில் சொன்னாளே, அது அன்றைக்குப் புதிதாகப் படித்ததா? போலி மருந்து விற்றாள் என்று அவன் சொன்னது அநியாயப் பழி. அவள் விற்ற இரண்டுமே அசல். இந்தத் தீர்ப்பும் நான் சொல்வதல்ல. கைகூப்பி நின்றவனிடம், கடை முழுக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அவளே சொன்னாள்: “மருந்து போலி இல்ல தம்பி. ஆனா ரெண்டையும் சேத்துக் கொடுத்தது நான்தான்.”