சுண்டங்குறிச்சியில் நாடி பார்த்த கதை

ஊருக்கு ஊர் முட்டாள் உண்டுங்க. சுண்டங்குறிச்சி மேல்நிலைப் பள்ளியில் மட்டும் அவர்களுக்கு மாசாமாசம் சம்பளமும் உண்டு.

அந்தப் பள்ளியில் பி.டி. பீரியடு என்றால் கணக்கு நடத்துவார்கள். பந்து தேய்ந்துவிடுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பி.டி. வாத்தியார் மாற்றலாகிப் போனதை யாரும் கவனிக்கவே இல்லை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பள்ளியில் இருக்கிற ஒருவரையும் விடாமல் உடற்தகுதி சோதிக்க வேண்டும். யார் உடம்பில் கொழுப்பு குறைவோ, ஓடிய பிறகும் யாருக்கு நாடி நிதானமாக இருக்கிறதோ, அந்த ஒருவரை டவுன் விளையாட்டு விடுதிக்கு அனுப்ப வேண்டும்.

அந்த இடம் பத்தாம் வகுப்பு மாடத்திக்குத்தான் என்று ஊரில் ஆடு மாடுகூடச் சொல்லும். அவள் ஓட ஆரம்பித்தால் நாய் துரத்தாது; வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடும். "விடுதியில இடம் கெடைச்சாப் போ. இல்லேன்னா லீவு விட்டதும் பனியன் கம்பெனிதான்" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். பிள்ளை பயந்துகொண்டேதான் மைதானத்துக்கு வந்தது.

முதலில் நீளம் தாண்டல். 'தாண்டியவர் அளக்கும் வரை அசையக் கூடாது' என்று சுற்றறிக்கையில் இருந்தது. மாடத்தி தாண்டினாள். அளக்கப் போனால் டேப் இல்லை. டேப் பீரோவுக்குள், பீரோ சாவி கிளார்க்கிடம், கிளார்க் மச்சினன் கல்யாணத்தில்.

"சார், மணல் கொதிக்குது. கால் சுடுது."

"அசையாதேம்மா, விதி" என்றார் கணக்கு வாத்தியார் தீத்தாரப்பன். குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றார். குடை அவருக்கு.

கிளார்க் பந்தி முடிந்து வெற்றிலை போட்டு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அடுத்து ஓட்டம். ஓடி முடித்த கணமே நாடி பார்க்க வேண்டுமாம்.

"ஓடி முடிக்கிற எடம் அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம். அந்தக் கணமே எப்படிப் பாக்குறது?" என்றார் தீத்தாரப்பன்.

தலைமையாசிரியர் பொன்னுரங்கம் ரொம்ப நேரம் யோசித்தார். "கையைப் பிடிச்சுக்கிட்டே கூட ஓடிட்டாப் போச்சு."

ஓடினார். மரத்துப்போன காலோடு மாடத்தி அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் வேட்டி தடுக்கி மனுஷன் குப்புற விழுந்தார். விழுந்த அதிர்ச்சியில் தன் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்து எண்ணினார்.

"ஐயையோ! நாடி இந்த அடி அடிக்குதே! இந்தப் பிள்ளைக்கு உடம்பே சரியில்லை!"

"சார், அது உங்க கை."

"பாவம், பிதற்ற வேற செய்யுது" என்று அவள் பெயரை அடித்துவிட்டார். மாடத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மற்றப் பிள்ளைகளைக் கிள்ளிக் கிள்ளிக் கொழுப்பு பார்த்ததில் எல்லாரும் அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அனுப்ப ஆளில்லை. அப்போது அறிவியல் டீச்சர் ஞானசௌந்தரி தொண்டையைச் செருமினார்.

"சார், லேப்ல எலும்புக்கூடு ஒண்ணு நிக்குது. ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"அவன் நம்ம பள்ளிக்கூடந்தானா?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே இருக்கான் சார். ஒருநாள் லீவு போட்டதில்லை."

கொண்டுவந்தார்கள். கிள்ளப் பார்த்தார்கள், பொட்டுக் கொழுப்பு சிக்கவில்லை. தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்து நாடி பார்த்தார்கள். ஓடுவதற்கு முன்னால் என்னவோ, பின்னாலும் அதுவேதான்.

"வாயே திறக்க மாட்டேங்குறானே?" என்று சந்தேகப்பட்டார் தீத்தாரப்பன்.

"ஒழுக்கமான பையன்" என்றார் பொன்னுரங்கம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளப்பினார்கள். கூச்ச சுபாவக்காரனாச்சே, துணைக்கு மாடத்தி போகட்டும் என்று முடிவாயிற்று. "இதையெல்லாம் ஏத்த முடியாது" என்று கண்டக்டர் விசிலடித்துவிட்டார். மாடத்திக்கு வந்ததே ஆத்திரம்! எலும்புக்கூட்டை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் பின்னாலேயே ஓடினாள். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. அவள் நிற்கவில்லை. விடுதி வாசலை அவள் தொட்டபோது பஸ் இன்னும் ரயில்வே கேட்டில் கிடந்தது.

விடுதியின் கோச்சம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எங்கிருந்து ஓடி வருகிறாள் என்று கேட்டார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், அவள் மணிக்கட்டைத்தான். அன்றைக்கே மாடத்திக்கு ஒரு கட்டில் ஒதுக்கிவிட்டு, முதுகில் இருந்ததை லாரி ஏற்றித் திருப்பி அனுப்பினார்.

சுண்டங்குறிச்சியில் லாரி வந்து நின்றதும் பொன்னுரங்கம் பதறிக்கொண்டு ஓடிவந்தார். விலாவைத் தடவிப் பார்த்தார். மாரில் அடித்துக்கொண்டார்.

"பாவிங்களா! ஒத்த நாள்ல பிள்ளையை எலும்பும் தோலுமா ஆக்கிட்டாங்களே!"

தீத்தாரப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"தோலையும் காணோம் சார்."