மலையனின் கொம்பில் மினுக்கி

ஒரு பெரிய காட்டில் மலையன் என்ற காட்டெருமை இருந்தான். அவன் நடந்தால் மூங்கில் புதர் வழிவிடும். அவன் செருமினால் சிறுத்தைகூடப் பாதையை மாற்றிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட மலையனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம்!

அது பிறவிப் பயம் இல்லை. போன மழைக்காலத்தில் காட்டாற்றில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது ஒரு முதலை அவன் முன்னங்காலைக் கவ்விவிட்டது. உதைத்து, முட்டி, எப்படியோ தப்பி வந்தான். காயம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை.

காட்டின் நடுவே இருந்த தாமரைக்குளத்தில் முதலையே கிடையாது. அது மலையனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? கரைக்கு வந்ததும் கால் நடுங்கும். மூச்சு முட்டும். திரும்பி ஓடிவிடுவான். புல்லில் படிந்த பனியை நக்கியே நாளைத் தள்ளினான். கோடை வந்தது. பனியும் நின்றது. அவன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

மலையன் மேயும்போது புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். அவற்றைப் பிடிக்க ஒரு கரிச்சான் குருவி கூடவே வரும். அவள் பெயர் மினுக்கி.

"மலையா, நாக்கு வறண்டு தொங்குதே! வா, குளத்துக்குப் போகலாம்!" என்றாள் மினுக்கி.

"என்னால முடியாது மினுக்கி! தண்ணிக்குள்ள ஏதோ அசையுது!"

"அது உன் நிழல்! சரி, நான் உன் கொம்புக்கு நடுவுல உட்கார்றேன். ஏதாவது வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். நான் கத்துறேன், நீ ஓடு. நான் பாடுற வரைக்கும் நீ குடி!"

மலையன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான். கொம்புகளுக்கு நடுவே மினுக்கி விசிலடித்துப் பாடினாள். அந்தச் சத்தம் காதில் விழ விழ நெஞ்சின் படபடப்பு இறங்கியது. குனிந்தான். குடித்தான். ஐயோ, என்ன குளிர்ச்சி! வயிறு முட்டக் குடித்துவிட்டுக் காடே அதிரும்படி துள்ளினான்!

"யாரது அங்கே?" என்று ஒரு குரல் அதட்டியது. குளத்துக்குக் காவலாக இருந்த கூழைக்கடாப் பறவை பெருவாயி பறந்து வந்தாள். "தண்ணி குடிக்கிற நேரத்துல அந்தந்த இனம் மட்டும்தான் கரைக்கு வரணும். அது குளத்துச் சட்டம்! குருவியை ஏன் கூட்டிட்டு வந்தே?"

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. குளத்தின் நடுத்திட்டில் பறவைகள் முட்டையிட்டிருந்தன. கோடையில் தண்ணீர் வற்றியதால் யார் வேண்டுமானாலும் திட்டுக்கு நடந்தே போய்விடலாம். பல இனங்கள் கலந்து கூட்டம் சேர்ந்தால் யார் போனார்கள் என்றே தெரியாது.

மலையன் தன் கதையைச் சொன்னான். சொல்லும்போதே கால் நடுங்கியது. பெருவாயி அந்த நடுக்கத்தைப் பார்த்தாள். அவள் மனசு இளகியது.

"சரி, உனக்கு மட்டும் விலக்கு. மினுக்கியோட வா, குடி, போ!"

மலையன் தேறினான். உடம்பு பளபளத்தது. காடு முழுக்க இதே பேச்சு!

பேச்சு செவந்தான் என்ற நரியின் காதுக்கும் போனது. அவன் கண் நடுத்திட்டு முட்டைகள் மேலேயே இருந்தது. ஆனால் நரி முட்டை திருட வந்தால் எல்லோரும் சத்தம் போட்டுவிடுவார்கள். பூசணி என்ற காட்டுப்பூனை அப்படியில்லை. சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் திரும்பக்கூடியவள். பூனைகளுக்கோ குளத்தில் இடமே கிடையாது.

மறுநாள் காலை செவந்தான் தள்ளாடித் தள்ளாடி வந்தான். பக்கத்தில் பூசணி.

"பெருவாயி அக்கா! எனக்கும் மனசு சரியில்லை! இடி இடிச்ச நாள்லேர்ந்து ஒரே படபடப்பு! இவ கூட இருந்தாத்தான் தண்ணியே இறங்குது!"

"பூனையா?" என்று பெருவாயி தயங்கினாள்.

"எருமைக்கு ஒரு நியாயம், நரிக்கு ஒரு நியாயமா?" என்று செவந்தான் கண்ணீர் விட்டான். பெருவாயியால் மறுக்க முடியவில்லை.

அவ்வளவுதான்! அடுத்தடுத்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்! காட்டுப்பன்றி ஒரு முள்ளம்பன்றியைத் தள்ளிக்கொண்டு வந்தது. "இவன்தான் என் தைரியம்!" என்றது. முள்ளம்பன்றி முன்னால் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பதே காட்டுப்பன்றியின் கணக்கு. கரடி தோளில் தேனடையோடு வந்தது. "தேனீக்களைப் பிரிஞ்சா எனக்கு அழுகை வருது!" என்றது. முள் குத்தி மான்கள் அலறின. தேனீ கொட்டிக் குரங்குகள் குளத்துக்குள் குதித்தன! ஒரே கூச்சல், ஒரே சேறு!

அந்தக் கூச்சலுக்கு நடுவே நடுத்திட்டில் முட்டைகள் காணாமல் போயின.

வெறும் கூடுகளைப் பார்த்துப் பெருவாயி துடித்துப்போனாள். "போதும்! இனிமே யாருக்கும் துணை கிடையாது! தனியா வர முடிஞ்சா வாங்க. முடியாதவங்க வராதீங்க!"

மலையன் கரையில் மினுக்கியோடு நின்றான். இந்தக் கோடையில் தண்ணீர் இல்லாவிட்டால் உயிர் தங்காது. பொய் சொன்னவர்களுக்கு நஷ்டமில்லை. அவர்கள் தனியாக வந்தும் குடிப்பார்கள். தான் என்ன செய்வது?

ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது!

"பெருவாயி அக்கா! எங்களைக் கேட்காதீங்க! துணையா வந்தவங்களைக் கேளுங்க! தனித்தனியா, கோரைப்புல்லுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்க் கேளுங்க!"

பெருவாயி முதலில் முள்ளம்பன்றியை அழைத்தாள்.

"நான் எங்கே விரும்பி வந்தேன்? வரலைன்னா வளையைத் தோண்டிடுவேன்னு மிரட்டினான்!" என்று முள்ளம்பன்றி பொருமியது.

தேனீக்கள், "கூட்டோட பிடுங்கிட்டு வந்துட்டான்!" என்று ரீங்கரித்தன.

அடுத்து பூசணி. "செவந்தானுக்குப் படபடப்பு வந்தா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் பெருவாயி.

"படபடப்பா? அவனுக்கா?" பூசணி விழித்தாள். "வந்து... வாலைத் தடவிக் கொடுப்பேன்!" அவள் வாயைத் திறந்தபோது மீசையில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது தெரிந்தது!

"திருடி!" என்று பெருவாயி அலகால் கொத்தினாள். பூசணி பாய்ந்தாள், ஓடினாள். செவந்தான் அவளுக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தான்! மான்களும் குரங்குகளும் கூவிக்கொண்டே அவர்களைக் காட்டின் எல்லைவரை விரட்டின!

கடைசியாக மினுக்கி. புல்லுக்கு இந்தப் பக்கம் மலையன் காதை விடைத்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றி அவள் நல்லபடியாகத்தான் சொல்வாள் என்று அவனுக்கு நம்பிக்கை.

"அவன் பயம் நிஜம் அக்கா. இடது முன்னங்கால்தான் முதல்ல நடுங்கும். நான் பாடினா அடங்கும்" என்றாள் மினுக்கி. பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆனா நான் களைச்சுட்டேன். சருகு அசைஞ்சாலும் கூப்பிடுறான். மேய, படுக்க, எல்லாத்துக்கும் நான் வேணும். பூச்சி பிடிக்கவே நேரமில்லை. என் கூட்டுல முட்டை இருக்கு. என் ஜோடி தனியா அடைகாத்துக் காத்து இளைச்சுட்டான். முட்டை சில்லிட்டுப் போகுமோன்னு பயமா இருக்கு."

மலையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டையா? இத்தனை நாளும் அவள் தன் தலைமேல்தான் இருந்தாள். ஒருநாள்கூட "சாப்பிட்டாயா?" என்று அவன் கேட்டதில்லை!

அவன் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். "மினுக்கி, ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ தண்ணியே குடிக்க மாட்டியே!"

"இனிமே காலையில ஒரு தடவை மட்டும் வா, போதும். மேயறது, படுக்கறது எல்லாம் நானே பார்த்துக்கறேன். இப்போ போ! கூட்டுக்குப் போ!"

மினுக்கி அம்பாகப் பறந்தாள்!

பெருவாயி சட்டத்தைத் திருத்தினாள். துணை வரலாம், ஆனால் அந்தத் துணை தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அதன்பிறகு குளத்துக்குத் துணையோடு வந்தவன் மலையன் ஒருவன்தான்.

தனியாகப் படுத்த முதல் நாள் மலையனுக்குத் தூக்கமே வரவில்லை. மெல்ல மெல்லச் சருகுச் சத்தம் பழகியது.

ஒருநாள் காலை மினுக்கி வரவில்லை. வெயில் ஏறியது. கூப்பிடலாமா? வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கரைக்கு நடந்தான். இடது முன்னங்கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டான். மினுக்கியின் பாட்டை அவனே முனகினான். எருமைக் குரலில் அது இருமல் போல இருந்தது! குனிந்தான். சில மிடறுகள் குடித்தான். நெஞ்சு திக்கென்றது. திரும்பி ஒரே ஓட்டமாக மினுக்கியின் மரத்தடிக்கு ஓடினான்!

"மினுக்கி! நான் தனியா குடிச்சேன்! கொஞ்சம்தான், ஆனா குடிச்சேன்!"

"மலையா! குஞ்சு பொரிஞ்சிருக்கு! இங்கே பார்!" என்று கூட்டிலிருந்து மினுக்கி கத்தினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. இருவரும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்கள்!

"நாளைக்கு வர்றேன் மலையா! இன்னும் நிறைய குடிக்கணும் நீ!"

"வா! ஆனா நீ சாப்பிட்டுட்டு வா!"

துணை இருந்தால் பயந்தவனுக்கும் தெம்பு வரும். ஆனால் துணைக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை மறக்கவும் கூடாது, தேவையில்லாதவன் துணையைப் பொய்யாகக் கேட்டுத் தேவைப்படுகிறவனின் வழியை அடைக்கவும் கூடாது.