பேச்சி விட்ட இடம்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

சீடரின் பெயர் சோணைமுத்து. முப்பது வருடம் சர்வேயராக இருந்து, ஊர் ஊராக நிலம் அளந்து, எல்லைக்கல் நட்டு ஓய்வு பெற்றவர். குரு பத்மஜா, மதுரையில் வைகைக் கரையை ஒட்டிய ஒரு சந்தில் சுங்குடிச் சாயப்பட்டறை நடத்திவந்தாள். குரு என்று யாராவது அழைத்தால் சிரித்துவிடுவாள்.

அவர் வந்த அன்று கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைச் சேலை. பாதி வரைக்கும் முடிச்சுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியவை. சாயத்தில் முக்கிக் காயவைத்து அவற்றை விடுவித்தால், நூல் இறுகிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதுதான் சுங்குடி.

கடைசி முடிச்சிலிருந்து நூல் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வெறும் துணி.

பத்மஜா ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். "இது பேச்சியக்கா கை."

"ஆமா தாயி. என் வீட்டுக்காரிதான்."

"கேள்விப்பட்டேன் சார். ரெண்டு மாசம் இருக்குமா?"

"நாளையோட ரெண்டு மாசம். நாப்பது வருசமா ஊருக்குக் கட்டினவ. தனக்குன்னு கட்ட ஆரம்பிச்சது இது ஒண்ணுதான். அன்னைக்கு மத்தியானமும் கட்டிக்கிட்டே இருந்தா. ஒரு காப்பி போடுறீங்களான்னு கேட்டா. போட்டு எடுத்துட்டு வந்தேன்."

அவர் தலையணை உறையை மடிக்கத் தொடங்கினார்.

"மிச்சத்தை நான் கட்டித் தரட்டா? ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்."

"இல்ல. நானே கட்டணும். தலைத் திவசத்தன்னைக்கு மக கையில குடுக்கணும். அவ விட்ட இடம் தெரியக் கூடாது. எதுவரைக்கும் பேச்சி, எங்கருந்து நான்னு யார் பாத்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது. அப்படிக் கட்டக் கத்துக் குடு."

"தெரியவே கூடாதா?"

"தெரியவே கூடாது."

பத்மஜா தொங்கிய நூலை எடுத்து அவர் விரலில் வைத்தாள்.

"கட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

"இதுலயா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே. கிழிசல் துணியில பழகிட்டு..."

"கட்டுங்க சார்."

பேச்சியின் கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் அவர் தன் முதல் முடிச்சைக் கட்டினார். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முடிச்சு தொளதொளவென்று ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

பத்மஜா குனிந்து பார்த்தாள். "இதுக்குள்ள சாயம் பந்தி போட்டுச் சாப்பிடும்."

"அவிழ்த்திரவா?"

"வேண்டாம். இதை மட்டும் எப்பவும் அவிழ்க்காதீங்க."

"ஏன்?"

"சேலையை விரிக்கிற அன்னைக்குச் சொல்றேன்."

சேலையை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து அவரிடம் போட்டாள்.

ஆறு மாதம் அந்த வேட்டியும் அதன் தம்பிகளுமாகப் போயின. காலையில் வந்து உட்காருவார், மத்தியானம் எழுந்திருப்பார். அவர் கட்டி முடித்ததும் பத்மஜா துணியை வாங்கி ஓர் உதறு உதறுவாள். முடிச்சுகள் உதிரும்.

"கொட்டிப் போச்சு. மறுபடி."

"கொஞ்சம் மெதுவா உதறக் கூடாதா தாயி?"

"சாயம் இதைவிட முரடு சார். கல்லு நட்ட கைதானே, இறுக்குங்க."

ஒருநாள் நூல் சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "உங்க சர்வீஸ்ல பாத்ததுலயே பெரிய பாவம் எது சார்?"

அவர் யோசிக்கவே இல்லை. "எல்லைக்கல்லைப் பிடுங்குறது. வரப்பை வெட்டினாக்கூட அளந்து சொல்லிரலாம். இருக்குற ஒத்தக் கல்லையும் பிடுங்கிட்டான்னு வையி, நிலம் அங்கனேதான் கிடக்கும். எது யாருதுன்னு சொல்ல ஆள் கிடையாது."

"பிடுங்குறவன் எல்லாம் கெட்டவனா?"

"அட, எங்க? உழும்போது இடைஞ்சலா இருக்குன்னு பிடுங்கிப் போட்டுருவான். பாதிப் பேர் அப்படித்தான்."

பத்மஜா தலையாட்டிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனாள்.

ஏழாவது மாதம் ஒருநாள், அவள் உதறிய துணியிலிருந்து ஒரு முடிச்சும் உதிரவில்லை. இன்னொரு தடவை உதறினாள். பிறகு உள்ளே போய்த் தலையணை உறையை எடுத்துவந்தாள்.

திவசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சேலை முழுக்க முடிச்சாகிச் சுருங்கி, ஒரு துண்டளவுக்கு வந்து நின்றது. பத்மஜா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உள்ளங்கையால் தடவினாள். அந்த ஒரு தளர்ந்த முடிச்சில் மட்டும் கை தட்டி நின்றது.

"மிச்சமெல்லாம் பேச்சியக்காவே கட்டினாப்ல இருக்கு சார்."

சோணைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு நாள் படத்துக்கு முன்னால இருக்கட்டும். நாளைக்குக் கொண்டாங்க, சாயத்துல இறக்கிரலாம்."

மறுநாள் காலை புறப்படும் முன் கட்டிலில் வைத்துப் பார்த்தார். ஆயிரக்கணக்கான முடிச்சுகளும் ஒன்றுபோல நின்றன. பேச்சியின் கைக்குப் பக்கத்திலேயே, அவருடைய அந்த முதல் முடிச்சு மட்டும் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டைபோல இளித்துக்கொண்டிருந்தது. மகள் கண்ணில் முதலில் படப்போவது இதுதான். ஊசியை எடுத்தார். நெம்பினார், அவிழ்ந்தது. மூன்று சுற்று, ஓர் இழுப்பு. பேச்சியே கட்டியதுபோல ஆகிவிட்டது. இரண்டு நிமிட வேலை.

பத்மஜா அண்டாவில் அரக்குச் சாயம் கலந்து வைத்திருந்தாள். வாங்கிய கையோடு இறக்கிவிட்டாள். பிறகு அலசி, நிழலில் மூன்று நாள் காயப் போட்டாள்.

"இந்த முனையைப் பிடிங்க சார். ரெண்டு பேர் வேலை இது."

இருவரும் இழுத்தார்கள். படபடவென்று முடிச்சுகள் தெறித்தன. நூலெல்லாம் காலடியில் கொட்டியது. துண்டளவு இருந்தது சேலையாக நீண்டு, அரக்கு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பூத்தன.

"பேச்சி இதைப் பாத்ததே இல்ல தாயி. கட்டிக் குடுக்குறதோட சரி. புள்ளி வெடிக்கிறதை அவ கண்டதில்ல."

பாயில் விரித்துப்போட்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு குறை இல்லை. பிறகு முந்தானையிலிருந்து, புள்ளி புள்ளியாக, விரலை நகர்த்திக்கொண்டு போனார். பாதி தாண்டியதும் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. சுருங்கியிருந்தபோது அவர் மனதில் வைத்திருந்த அளவு எதுவும் விரிந்த துணியில் இல்லை.

"எங்க தாயி விட்டா அவ?"

பத்மஜாவும் மண்டியிட்டாள். அவள் தேடியது சாயம் கசிந்த ஒரு புள்ளியை. வரிசை வரிசையாகத் தேடினாள்.

"நீங்க முதமுதல்ல கட்டின முடிச்சு எங்க சார்?"

"அதுவா? அசிங்கமா இருந்துச்சு. சாயத்துக்குக் கொண்டுவந்த அன்னைக்குக் காலையில அவிழ்த்து, நல்லாக் கட்டிட்டேன்."

பத்மஜாவின் விரல் துணியின் மேல் அப்படியே நின்றது.

"விரிக்கிற அன்னைக்குச் சொல்றேன்னியே தாயி. அதை ஏன் அவிழ்க்கக் கூடாது?"

அவள் காலடியில் கிடந்த நூலைப் பார்த்தாள். அதிலும் எது யாருடையது என்று தெரியவில்லை.

"அவங்க எங்க விட்டாங்கன்னு எனக்கும் தெரியலை சார். நான் நட்டு வச்சது அந்த ஒரு கல்லுதான்."