ஒற்றைக்கண் கோவேறு கழுதை

வெர்னா பள்ளிக்கூட ஆசிரியை. ஆம்ப்ரோஸுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனாலும் சிஷ்யை அவள்தான்.

ரயில் பாதை போடும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு முப்பது வருஷம் பாட்டுச் சொன்னவர் அவர். தண்டவாளத்தில் கை வைக்க மாட்டார். அவர் பாடுவார், ஆட்கள் அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து கடப்பாரையால் நெம்புவார்கள். அந்தப் பாட்டுகளை எழுதிக்கொள்ளத்தான் வெர்னா முதலில் அவரிடம் போனாள்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்தது அவர்கள் ஊர். அங்கே கறுப்பர்களுக்கு எந்த வங்கியும் கடன் தராது. வெர்னா மேட்டுச் சர்ச், ஆற்றோரச் சர்ச் இரண்டிலிருந்தும் நாற்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவுக் கடை கட்டினாள். மூன்று வருஷ உழைப்பு. ஒருநாள் நகர சபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ரோடு அகலமாகிறது, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கடையை முப்பதடி நகர்த்தாவிட்டால் இடிப்போம் என்றது. அந்த ஊரில் எந்த ரோடு அகலமானாலும் கறுப்பர் தெருவில்தான் அகலமாகும்.

பலகைக் கடை. அடியில் உருளைக் கட்டை கொடுத்து நெம்பினால் நகரும். வெள்ளிக்கிழமை மேட்டுச் சர்ச் ஆட்கள் நெம்பினார்கள். அசையவில்லை. சனிக்கிழமை காலை ஆற்றோரச் சர்ச் ஆட்கள் நெம்பினார்கள். அசையவில்லை. சேர்ந்து செய்யச் சொல்லி வெர்னா கூட்டம் போட்டாள். அது கைகலப்பில் முடிந்தது.

மத்தியானம் ஆம்ப்ரோஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“முதல்ல இவங்கள சமாதானம் பண்ணணும் ஐயா. எப்படின்னு தெரியல.”

“என்ன சண்டை டீச்சர்?”

“மேட்டுச் சர்ச் பர்விஸ், ஆற்றோர ராஸ்கோவுக்கு ஒரு கோவேறு கழுதை வித்தாராம். அதுக்கு ஒரு கண்ணு தெரியாதாம். ஒன்பது வருஷம் ஆச்சு. கழுதையும் செத்துப்போச்சு.”

ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“யாரும் யாரோடயும் பேச வேண்டாம்,” என்றார் கடைக்கு முன்னால் நின்ற கூட்டத்திடம். “கடப்பாரையப் பிடிச்சா போதும்.”

பாதி பேர் ரயில் பாதையில் அவர் பாடப் பாட வேலை செய்தவர்கள். கை தானாகப் போனது.

“குருட்டுக் கழுதைய வித்தது யாரு?” என்று பாடினார் ஆம்ப்ரோஸ்.

“பர்விஸு!” ஆற்றோரத்து ஆட்கள் ஆசை தீரக் கத்திக்கொண்டே நெம்பினார்கள். பலகை முனகியது.

“வாங்கறப்ப பல்லப் பாத்துட்டுக் கண்ணப் பாக்காதது யாரு?”

“ராஸ்கோ!” இது மேட்டு ஆட்கள். மறுபடியும் முனகல்.

“கழுதை செத்தும் கத்துறது யாரு?”

பர்விஸுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“நாங்க!” என்றது மொத்தக் கூட்டமும். கடை ஒரு முழம் நகர்ந்தது.

அதற்கப்புறம் அந்த ஒரு வரிதான். வெர்னாவும் ஒரு கடப்பாரையைப் பிடித்திருந்தாள். பொழுது சாயும்போது இடிக்கும் வண்டியோடு வந்த அதிகாரி வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பதடி தள்ளிக் கடை திறந்திருந்தது, வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தெருவே கைதட்டியது.

கடை வாசலில் பர்விஸும் ராஸ்கோவும் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். கழுதைக்குத் தெரியாதது இடது கண்ணா, வலது கண்ணா என்று.

வெர்னா கவலையோடு திரும்பினாள்.

“ஐயா, சண்டை இன்னும் தீரலையே.”

“தீரல டீச்சர்,” என்றார் ஆம்ப்ரோஸ். “கடை நகந்துருச்சு.”