சொட்டுப் பால் இல்லாத மசியல்

செபஸ்தி அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கை சும்மா இருந்ததால் அதை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தாம் செய்த உருளைக்கிழங்கு மசியல் எவ்வளவு நைசு என்றால், இந்த ரப்பர் குழாயிலேயே ஏற்றலாம், அடைக்காது என்று நர்ஸ் பெண்ணிடம் சொன்னார். அதிலும் ஒரு சொட்டுப் பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது, தயிர் கிடையாது. அப்புறம் எப்படி நைசாகும் என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்தவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க, சிரிச்சா தையல் விட்டுரும்," என்று கெஞ்சினார்.

மறுநாள் காலை நான் போனபோது கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஏதோ கையெழுத்துக் கேட்கப்போகிறாள் என்று நினைத்துப் போனேன். "அந்த ரயில் கடைசியில எங்க போய் நின்னுச்சுங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு அங்கேயே நின்று சொன்னேன். இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் அப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தேன். மலையிலிருந்து லாரி லாரியாக உருளைக்கிழங்கு இறங்கும். ஏலம் முடிந்ததும் எல்லாரும் மண்டியின் பின்சுவரை ஒட்டியிருந்த பொன்னம்மாக்கா டீக்கடையில் கூடுவோம். செபஸ்தி அண்ணனுக்கு மண்டியில் ஒரு வேலையும் இல்லை. மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கல்லாறு பக்கம் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து இங்கே டீ குடிக்க வருவார். கல்லாற்றிலும் டீக்கடை உண்டு. வீட்டில் பேச ஆளில்லாதவன் எவ்வளவு தூரம் போய் டீ குடிப்பான் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

அவருக்கு எதிராளி மாரண்ணன், ஏலத் தரகர். எதையும் நம்பாதவர். விடிந்துவிட்டது என்று சொன்னால் வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார். செபஸ்தி அண்ணன் வாயைத் திறக்கும்போது மாரண்ணன் சரியாக எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு டீ இறங்காது.

மசியல் கதை ஒரு டைரக்டரில் ஆரம்பிக்கும். எஸ்டேட் கம்பெனியின் டைரக்டர் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். அவருக்குப் பால் ஆகாது. குடித்தால்தான் என்றில்லை, எருமையை எதிரில் பார்த்தாலே உடம்பு வீங்கும். ஒரு தடவை யாரோ டீயில் தெரியாமல் ஒரு சொட்டு விட்டுவிட, அவர் வீங்கிய வேகத்தில் கோட்டுப் பொத்தான் தெறித்துப்போய் எதிர்மலையில் நின்ற காட்டுப்பன்றியைச் சாய்த்துவிட்டதாம்.

"பொத்தானுக்கு அவ்வளவு வேகமா?" என்றார் மாரண்ணன்.

"அது மேல் பொத்தானுங்க. வயித்துப் பொத்தான் இன்னும் கீழ வந்து சேரல."

அப்படிப்பட்ட டைரக்டர், பால் ஒத்துக்கொண்ட சின்ன வயதில் அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி, வாயில் வைத்ததும் வெண்ணெயாக உருகும் மசியல் வேண்டும் என்றார். முடியாவிட்டால் வேறு சமையல்காரனைப் பாருங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவ எழுந்து போனார்.

இந்த இடத்தில் பொன்னம்மாக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். எத்தனை தடவை கேட்ட கதையானாலும் கேட்பாள். செபஸ்தி அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சமையல் முறையில் மட்டும் அவர் ஒருநாளும் புளுகியதில்லை. புதுக்கிழங்கு ஆகாது, சாக்கில் கிடந்து மாவேறிய பழங்கிழங்கு வேண்டும். தோல் சீவி, துண்டு போட்டு, உப்புப் போட்டு வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. கை பொறுக்காத சூட்டிலேயே கிழங்கைச் சந்தகை, அதாவது இடியாப்பம், பிழியும் அச்சில் போட்டு நூலாக இறக்க வேண்டும். ஊறவைத்த முந்திரியை வழவழவென்று அரைத்து, கிழங்கு வெந்த தண்ணீரில் கரைத்து, கடலை எண்ணெய் கொஞ்சம் சேர்த்து, கரண்டி கரண்டியாக விட்டுக் கிளற வேண்டும்.

"மத்தால அடிக்கக் கூடாதுங்க. கொழந்தையத் தடவித் தூங்க வெக்கிற மாதிரி தடவோணும். அடிச்சா கெழங்குக்குக் கோவம் வந்துரும்."

அதுவரை சமையல். அதற்குப் பிறகு ஆகாயம்.

மசியலின் மேல் ஓர் ஈ உட்கார்ந்ததாம். வழுக்கி விழுந்து கால் ஒடிந்துபோனது. டைரக்டர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். விழுங்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அது தானாக இறங்கிவிட்டது. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று மேனேஜரைக் கேட்டார். இன்னும் இல்லை என்று நினைத்து மறுபடி வைத்தார். இப்படியே சட்டி காலியாகும்வரை அவருக்கு, சாப்பாடு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்ற எண்ணம்தான். வாசனை மலை முழுக்கப் பரவியதும் எருமைகளெல்லாம் பங்களா வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தன. நம் வெண்ணெய் இல்லாமலே இவன் இப்படிச் செய்கிறானே என்று மனம் உடைந்துபோய் அந்த வாரம் முழுக்கப் பால் கொடுக்கவில்லை.

ஒருநாள் இந்த இடத்தில் மாரண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த நாளில் தாம் மலையில் பால் ஊற்றிக்கொண்டிருந்ததாகவும், எந்த எருமையும் மனம் உடைந்ததைத் தாம் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"உங்க எருமை வந்துச்சுங்க. ஆனா அது உங்களை மாதிரி. கண்ணால பாத்தும் நம்பல. அதனால கறந்துச்சு."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறியது. செபஸ்தி அண்ணன் அதற்காக நிறுத்தவில்லை. அடுத்தது பனிமூட்டம். சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்த பனிமூட்டம் சட்டியைப் பார்த்ததும் தன் சொந்தக்காரர் என்று நினைத்து உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டதாம். எது பனி, எது மசியல் என்று இவருக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாகப் பரிமாறினார். டைரக்டரின் சம்சாரத்துக்குப் போனது அத்தனையும் பனி. இரண்டு தட்டுச் சாப்பிட்ட அம்மாள் நாற்காலியிலிருந்து மெல்ல மேலே கிளம்பிவிட்டார். முந்தானையை மேஜைக்காலில் கட்டி நிறுத்தினார்கள். வெயில் வந்த பிறகுதான் இறங்கினார்.

கடைசியாக ரயில். டைரக்டர் தம் தாயாருக்கு ஒரு டிரம் மசியலை மெட்ராஸுக்கு அனுப்பச் சொன்னார். மலை ரயிலில் ஏற்றினார்கள். டிரம்மின் அடியில் சின்ன ஓட்டை. மசியல் தண்டவாளத்தில் ஒழுகியது. அவ்வளவுதான், கார்டு கொடியை எடுப்பதற்கு முன்பே வண்டி குன்னூரில் காணோம். கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்துவிட்டது. இங்கேயும் நிற்கவில்லை. காரமடை தாண்டி, கோயம்புத்தூர் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது.

மாரண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். மலை ரயில் தண்டவாளம் அகலம் குறைந்தது, கீழே இருப்பது பெரிய தண்டவாளம், அதில் இது எப்படி ஓடும் என்று கேட்டார். ரயிலைப் பற்றித் தெரிந்த எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினோம். இந்தத் தடவை கிழவர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தோம்.

"தண்டவாளத்துல ஓடுச்சுன்னு யாருங்க சொன்னா? அது மசியல் மேலயில்ல போச்சு."

வண்டி நேராக மெட்ராஸில் டைரக்டரின் தாயார் வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த அம்மாள் ஒரு ஸ்பூனோடு வெளியே வந்தார், சக்கரத்திலிருந்து கொஞ்சம் வழித்து வாயில் வைத்தார், உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாரண்ணனுக்கு அன்று பொறுக்கவில்லை. எருமை விஷயம் மனதில் தைத்திருக்க வேண்டும். "வாய் மசிச்சது போதுமுங்ணா. கை மசிக்கட்டும்," என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மண்டி லீவு, பொன்னம்மாக்கா அடுப்பு, எல்லார் கண் முன்னாலும். பால், வெண்ணெய், தயிர் எதுவும் கூடாது. மசியல் சொன்னபடி வந்தால் மாரண்ணன் இனிமேல் குறுக்கே பேசமாட்டார். வராவிட்டால் செபஸ்தி அண்ணன் இந்த மண்டியில் இனி ஒரு கதையும் சொல்லக் கூடாது.

யாரும் சிரிக்கவில்லை. செபஸ்தி அண்ணன் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாறு அறையில் அவர் யாரிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, சரிங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழங்கிழங்கை நானே பொறுக்கிக் கொடுத்தேன். முந்திரியைப் பொன்னம்மாக்கா அரைத்தாள். செபஸ்தி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். அவர் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சூட்டோடு சூடாக அச்சில் பிழிந்தார். தண்ணீரும் முந்திரியும் விட்டு, சட்டியின் ஓரத்தைச் சுற்றித் தடவித் தடவிக் கிளறினார். வெள்ளை வெளேரென்று, கரண்டியைத் தூக்கினால் நுனியில் ஒரு கணம் நின்று, வழுக்கி இறங்கியது. பொன்னம்மாக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்துக் கண்ணை மூடினாள். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. என் நாக்கு இன்றைக்கும் சாட்சி சொல்லும்.

மாரண்ணன் விரலால் எடுத்து வாயில் வைத்தார். மறுபடி எடுத்து வைத்தார். பிறகு வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல," என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் செபஸ்தி அண்ணனின் முகம் மாறிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பரவாயில்லை என்று சொன்னால் எந்தச் சமையல்காரர் தாங்குவார். அன்று டைரக்டருக்குச் செய்தது இதைவிட நைசு என்று ஆரம்பித்தார். கை கரண்டியை விட்டுவிட்டு மத்தை எடுத்தது. ஈ வழுக்கியது, மத்து ஒரு சுற்றுச் சுற்றியது. எருமைகள் வந்தன, மத்தின் வேகம் கூடியது. பொன்னம்மாக்கா, அடிக்காதீங்கண்ணா என்று சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. டைரக்டர் சம்சாரம் ஆகாயத்தில் மிதக்கும்போது மத்து கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ரயில் கோயம்புத்தூரைத் தாண்டும்போது மத்து நின்றது. தானாக நின்றது.

மத்தைத் தூக்கினார், சட்டியும் சேர்ந்து வந்தது. சட்டியைத் தூக்கினார், அடியில் இருந்த முக்காலியும் வந்தது. முக்காலியைப் பிடித்து இழுத்த ஆளும் சேர்ந்து வந்ததாகப் பிற்பாடு சொல்வார்கள். நான் பார்த்தது முக்காலி வரைதான். மசியல் நல்ல கெட்டிப் பசையாகிவிட்டிருந்தது. அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று அவரே எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்.

மாரண்ணன் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் பெரிய எழுத்தில், 'செபஸ்தி இனி இங்கே கதை சொல்லக் கூடாது' என்று எழுதினார். அந்த மசியலையே எடுத்துத் தடவி மண்டியின் பின்சுவரில் ஒட்டினார்.

செபஸ்தி அண்ணன் வார்த்தை தவறவில்லை. அடுத்த நாளும் பஸ் பிடித்து வந்தார். அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார், எழுந்து போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. டீயில் ருசி போய்விட்டது. மூட்டைகள் கனத்துவிட்டன. எல்லாரையும்விட மாரண்ணன்தான் இளைத்துப்போனார். நம்பாமல் இருப்பதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் என் தராசோடு வம்புக்கு வந்தார். இன்னொரு நாள் பொன்னம்மாக்காவிடம், இது வடைதானா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் அவரே போய்த் தாளைக் கிழிக்கப் பார்த்தார். நகம்தான் பெயர்ந்தது. வெந்நீர் ஊற்றினார். கத்தியால் சுரண்டினார், கத்தி மழுங்கியது. மண்ணெண்ணெய் தடவினார், எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. செபஸ்தி அண்ணன் எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். மண்டியே கேட்கும்படி சொன்னார்.

"அண்ணா, பாலும் இல்ல, வெண்ணையும் இல்ல. வழுவழுன்னுதான் இருந்துச்சு. நீங்க மத்த எடுக்கறதுக்கு முன்னாடியே நான் தோத்துட்டேன். ரெண்டு வாய் தின்னுபோட்டுத்தான் பரவாயில்லன்னு சொன்னேன். பேசுங்ணா."

செபஸ்தி அண்ணன் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"ரெண்டு இல்லீங்க," என்றார். "நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப இன்னொண்ணு."

மாரண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். பொன்னம்மாக்கா அடுப்பைக் குறைத்தாள். அன்று ரயில் மெட்ராஸிலும் நிற்கவில்லை.

அந்தத் தாளுக்குக் கீழேயே உட்கார்ந்து அவர் சாகும்வரை கதை சொன்னார். மாரண்ணன் சாகும்வரை குறுக்கே பேசினார். டீக்கடை இப்போது இல்லை. போன வருஷம் ரோடு அகலப்படுத்த மண்டியின் பின்சுவரை இடித்துவிட்டார்கள். தாள் மட்டும் அங்கேயே இருக்கிறது.