துக்கம் கேட்க

"பெத்த மகளோட புருஷன் செத்ததுக்கு, சாரின்னு போன்ல அனுப்புனாராம். அவ்வளவுதான்."

"கூட ஒரு பூ படம் போட்டாராமா?"

பம்படியில் பாத்திரம் துலக்கிய பெண்கள் பேசிக்கொண்டது. சுவருக்கு இந்தப் பக்கம், மடத்து அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தில்லைநாயகத்தின் காதில் விழுந்தது. அவரைப் பற்றித்தான். கையை நிறுத்தவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். மகள் அரசி வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டுப் படியை மிதிக்காமலே இருந்துவிட்டார். மருமகன் பெயரை வாயால் சொன்னதும் இல்லை. போன வாரம் அவன் இறந்துபோனான். அன்றே இவர் அனுப்பிய செய்தியை அரசி படித்ததற்கு நீலக் கோடு விழுந்திருந்தது. பதில் வரவில்லை.

மத்தியானம் மடத்தின் குரு கோமதியம்மை ஈரத்தலையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வயதில் இவரைவிட இளையவர். முகம் வாடியிருந்தது. அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"அம்மா, நான் அனுப்புனது சாதாரணச் சொல் இல்லை."

"சொல்லுங்க சார்."

"பழைய ஆங்கிலத்துல புண்ணுக்கு ஒரு சொல் உண்டு. சாரி அதுலேர்ந்து பிறந்தது. மனசு ரணமாக் கிடக்குன்னு அர்த்தம். புழங்கிப் புழங்கித் தேஞ்சு, இப்ப பஸ்ஸுல காலை மிதிச்சாச் சொல்றாங்க. நான் அந்தப் பழைய அர்த்தத்துலதான் எழுதினேன்."

"அது அரசிக்குத் தெரியுமா?"

"தெரியாது. விளக்கி எழுதட்டுமா?"

கோமதியம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரணம் யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

"ம்."

வெங்காயச் சருகு காற்றில் பறந்து இருவர் மடியிலும் விழுந்தது. தில்லைநாயகம் நிமிர்ந்து அவரது ஈரத்தலையைப் பார்த்தார்.

"இந்நேரத்துல குளிச்சிருக்கீங்களே அம்மா. எங்கேயும் போனீங்களா?"

"கீழத்தெருவுக்கு. தறிக்காரர் வீட்டம்மா தவறிட்டாங்க. துக்கம் கேட்கப் போயிருந்தேன்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க? நானும் தெரிஞ்சுக்கறேன்."

"ஒண்ணும் சொல்லலையே சார். எப்படி ஆச்சுன்னு கேட்டேன். அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்."

தில்லைநாயகம் கத்தியைக் கீழே வைத்தார்.

மறுநாள் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. வெயில் தாழ்ந்தபோது அரசியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவள்தான் திறந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"சாரி சொல்ல வந்தீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மாலை போட்ட படத்துக்குக் கீழே, வெறும் தரையில் உட்கார்ந்தார். அரசி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஜெயசீலனுக்கு எப்படிம்மா ஆச்சு?"

அவள் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். பாதியில் வந்து எதிரே உட்கார்ந்தாள். வீட்டுக்குள் இருட்டிவிட்டது. விளக்குப் போட இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.