மடைக்குள் விழுந்த காசு

கண்மாயில் நான்கு நாழிகைப் பாய்ச்சலுக்கு மட்டுமே தண்ணீர் மிச்சமிருந்த நாளில் நடந்தது இது. வாசிப்பவர்கள் எண்களை மட்டும் நழுவ விடாமல் வாருங்கள்.

முத்திருளாயிக்கும் சிட்டம்மாவுக்கும் அடுத்தடுத்த வயல். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இருவருடைய நெல்லும் பால் பிடிக்கும் பருவத்தில் வாடி நின்றது. நான்கு நாழிகையும் பாய்ந்தால் ஒரு வயல் முழுதாகப் பிழைக்கும். தண்ணீர் காணாத வயல் பதராகும்.

இப்படி இக்கட்டு வந்தால் அந்த ஊரில் காசு சுண்டித் தீர்ப்பார்கள். அதற்கென்றே அய்யனார் கோயிலில் ஒரு செப்புக்காசு இருந்தது. பூவும் தலையும் ஒரே அளவாகத் தேய்ந்து, எந்தப் பக்கமும் சாயாத காசு. முதலில் மூன்று முறை வென்றவருக்கே தண்ணீர். ஆட்டம் தொடங்கிய பிறகு வேறு காசைத் தொட்டால் கண்மாயே வற்றிவிடும் என்று பயம்.

தலை முத்திருளாயிக்கு, பூ சிட்டம்மாவுக்கு. ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி சேதுராக்கு மடைமேல் நின்று சுண்டினார். தலை. மறுபடியும் தலை. மூன்றாவது, பூ.

நான்காம் முறை காசு உயரப் போய் வெயிலில் மின்னியது. இறங்கும்போது மடைத்தூணில் பட்டு எகிறி, மடையடியில் நீர் தேங்கிய குழிக்குள் விழுந்தது.

சேதுராக்கு தன் வெறும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேர் மூழ்கித் துழாவினார்கள். கை நிறையச் சேறுதான் வந்தது.

முத்திருளாயி மடையருகே ஓடி வந்தாள். "ரெண்டு தடவை எனக்குத்தானே விழுந்துச்சு? தொறங்க மாமா, தண்ணி என்னுது!"

"மூணு விழலையே தாயி. உனக்கு ரெண்டு, அவளுக்கு ஒண்ணு. தண்ணிய மூணு பங்காக்குவோம். ரெண்டு பங்கு நீ எடு, ஒரு பங்கு சிட்டம்மாவுக்கு விடு," என்றார் சேதுராக்கு.

"எனக்கு அவ்வளவு வராது மாமா," என்றாள் சிட்டம்மா.

கூட்டம் திகைத்துத் திரும்பியது. "வெயில்ல மூளை உருகிருச்சா புள்ள?" என்று யாரோ கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். நாலு நாழிகையில எனக்கு ஒண்ணு, அக்காவுக்கு மூணு. கூடக் குடுத்தா பிச்சை, குறைச்சா திருட்டு. ரெண்டும் எனக்கு வேணாம்."

அக்கா! காசு விழுந்தபோதுகூட முத்திருளாயி இப்படி அதிரவில்லை. காய்கிற பயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, வருகிற தண்ணீரை ஒருத்தி வேண்டாம் என்பாளா? இதில் என்ன சூது?

சேதுராக்கின் கை மடைத் திருகின்மேல் காத்திருக்கிறது. முழுத் தண்ணீரும் தனக்கே என்கிறாள் முத்திருளாயி. சிட்டம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்கிறார் சேதுராக்கு. தனக்கு நான்கில் ஒரு பங்குதான் என்கிறாள் சிட்டம்மா. மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சிட்டம்மா சொன்னதே சரி. சேதுராக்கு சுண்டி முடித்தவற்றை எண்ணினார். சிட்டம்மா இனிச் சுண்ட வேண்டியவற்றை எண்ணினாள். இன்னும் இரண்டு முறை சுண்டியிருந்தால் முடிவு எப்படியும் தெரிந்திருக்கும். அந்த இரண்டும் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு விதமாக விழலாம். நான்குக்கும் சம வாய்ப்பு. பூ-பூ என்ற ஒன்றில் மட்டுமே சிட்டம்மா மூன்றைத் தொடுவாள். மற்ற மூன்றிலும் முத்திருளாயிதான். எனவே வெல்லும் நிகழ்தகவு முத்திருளாயிக்கு நான்கில் மூன்று, சிட்டம்மாவுக்கு நான்கில் ஒன்று; தண்ணீரும் அதே கணக்கில்தான் பிரிய வேண்டும். முத்திருளாயி இதை விரல்விட்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அவ வயலுக்கு மொதல்ல தொறங்க மாமா," என்றாள். ஒரு நாழிகை ஆனதும் சிட்டம்மா தானே மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலை அடைத்தாள். அவள் வயலில் முக்கால் பாகம் அந்த வருஷம் பதர்தான்.